காப்பிட்ட அடித்தளத்தில் தண்ணீர்க் குழாய்: கீழேயா, உள்ளேயா, மேலேயா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரே தளம் கொண்ட வீடு. அடியில் வீட்டின் சூடு மண்ணுக்குப் போகாமல் தடுக்க 200 மி.மீ. தெர்மாகோல் காப்பு, அதன்மேல் 150 மி.மீ. கான்கிரீட் ஸ்லாப், அந்தக் கான்கிரீட்டுக்குள்ளேயே தரையைச் சூடாக்கும் குழாய்கள். வாட்டர் ஹீட்டர் ஒரு கோடியில். சமையலறையும் குளியலறையும் மறுகோடியில். இடையில் 14 மீட்டர். வெந்நீர்க் குழாயையும் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் காப்புக்குக் கீழே மணலில் பதித்துவிடலாம் என்கிறார் பிளம்பர். கம்பியோடு சேர்த்துக் கட்டிக் கான்கிரீட்டுக்குள் விட்டுவிடலாம் என்கிறார் கான்கிரீட் போடுபவர். இதில் எது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் என்பது என் பதில். நீங்கள் உண்மையில் கேட்பது எந்த இடத்தில் பதிப்பது என்பதை அல்ல என்று நினைக்கிறேன். குழாய் காப்பின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், பத்து வருடம் கழித்து அது கசிந்தால் கை எட்டுமா, இந்த இரண்டும்தான் கேள்வி. இருபது வருடத்துக்கு மேலாகப் பிளம்பிங் வேலையில் இருக்கிறேன். இந்த மாதிரி அடித்தளம் போட்ட வீடுகளில் நான் கற்றுக்கொண்டதில் பாதி என் சொந்தத் தவறுகளிலிருந்து வந்தது.

பிளம்பர் அப்படிச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கழிவுக் குழாய்கள் எப்படியும் கீழேதான் போயாக வேண்டும். அவற்றுக்கு வாட்டம் வேண்டும், அதற்காகப் பள்ளம் தோண்டியாகிவிட்டது. அதே பள்ளத்தில் இன்னும் இரண்டு குழாயைப் போட்டால் ஒரு நாள் வேலை மிச்சம். காப்பில்லாத பழைய மாதிரித் தரையில் பலர் அப்படித்தான் செய்துவந்தார்கள். ஆனால் அழுத்தத்தில் ஓடும் தண்ணீருக்கு வாட்டம் தேவையில்லை. அது மேலே ஏறி, கூரையைச் சுற்றி, மறுபடி கீழே இறங்கும். கழிவுக் குழாயோடு அதற்கு எந்த உறவும் கிடையாது.

காப்புக்குக் கீழே வெந்நீரைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 மி.மீ. பெக்ஸ் குழாயின் (வளையக்கூடிய பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்) உள்விட்டம் 12 மி.மீ. ஒரு மீட்டரில் 0.11 லிட்டர் நிற்கும். 14 மீட்டருக்கு 1.6 லிட்டர். நீங்கள் குழாயை மூடியதும் அந்த 1.6 லிட்டர் 55 டிகிரித் தண்ணீரும் அங்கேயே நின்று மண்ணின் 10 டிகிரிக்கு ஆறிவிடும். ஒவ்வொரு தடவையும் போகும் வெப்பம் 0.08 யூனிட். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை திறந்து மூடினால் வருடத்துக்கு 450 யூனிட் வரை மண்ணுக்குப் போகிறது. குழாயைச் சுற்றிக் காப்பு உறை போட்டால் ஆறுவது தாமதமாகும், அவ்வளவுதான். அதே குழாய் வீட்டுக்குள் ஓடினால் குளிர்காலத்தில் அந்த வெப்பம் வீட்டிலேயே தங்கும். காசு கொடுத்து 200 மி.மீ. காப்பு வாங்கிப் போட்டுவிட்டு, வீட்டிலேயே மிகச் சூடான குழாயை அதற்கு வெளியே வைப்பது ஸ்வெட்டருக்கு வெளியே உடம்பை வைக்கிற மாதிரி.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. காப்பிட்ட அடித்தளத்தில் வீட்டின் சூடு மண்ணுக்கு மிகக் கொஞ்சமாகத்தான் இறங்கும், அதற்காகத்தானே காப்பு. அதனால் ஓரங்களில் இருக்கும் மண், பழைய மாதிரி வீட்டை ஒட்டிய மண்ணைவிடக் குளிர்ந்துதான் கிடக்கும். குளிர்ப் பிரதேசங்களில் இதற்காகவே ஓரத்தைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு பாவாடை மாதிரிக் காப்பு விரிப்பார்கள், அடித்தளத்துக்குக் கீழே மண் உறைந்து மேலே தூக்கிவிடாமல் இருக்க. ஓரத்தை ஒட்டி மேலாகப் போகும் தண்ணீர்க் குழாய்க்கு அந்தப் பழைய பாதுகாப்பு இல்லை. கீழே ஒரு மூட்டு கசிந்தாலும் தரையில் ஈரம் தெரியாது. காப்புக்கு அடியிலிருக்கும் ஜல்லி அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். மீட்டர் ஓடுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, கான்கிரீட்டுக்குள்? இங்கே குழாய் காப்பின் சூடான பக்கத்தில்தான் இருக்கிறது, அதுவரை நல்லது. ஆனால் கான்கிரீட் வெப்பத்தைக் கடத்துவதில் தெர்மாகோலைவிட ஐம்பது மடங்குக்கு மேல் தாராளமானது. காற்றில் உறையோடு தொங்கும் குழாயில் வெந்நீர் அரை மணி நேரம் சூடாக இருக்கலாம். கான்கிரீட்டுக்குள் நேராகப் பதித்த குழாயில் சில நிமிடங்களில் ஸ்லாபின் சூட்டுக்கு இறங்கிவிடும். பச்சைத் தண்ணீருக்கோ இதன் தலைகீழ்த் தொல்லை. உங்கள் ஸ்லாபில் 30 முதல் 35 டிகிரியில் சூட்டுக் குழாய்கள் ஓடும். பக்கத்தில் நிற்கும் தண்ணீர் மெல்ல 25 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் என்ற சொல்லிலேயே ‘தண்’ இருக்கிறது. அந்தப் பெயருக்கு 20 டிகிரிக்குள் இருந்தால்தான் மரியாதை. இது வெறும் ருசி விஷயம் இல்லை. லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரை பெருகும், 60 டிகிரியில் சாகும். அதனால்தான் வெந்நீரை 60 டிகிரியில் சேமித்துவை, பச்சைத் தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வை என்று விதி. தினமும் ஆள் புழங்கும் சிறிய வீட்டில் ஆபத்து குறைவுதான். எப்போதோ திறக்கும் விருந்தினர் குளியலறைக் குழாய்தான் கவனிக்க வேண்டிய இடம்.

இதை நான் செய்தே பார்த்திருக்கிறேன். காப்பிட்ட ஸ்லாபில் நான் குழாய் போட்ட முதல் வீட்டில், சமையலறைக்குப் போகும் பச்சைத் தண்ணீர்க் குழாயைக் கம்பி வலையோடு கட்டினேன், இரண்டு சூட்டுக் குழாய்களுக்கு நடுவே. இடம் இருந்தது, நேர்கோடாக இருந்தது, அழகாகவும் இருந்தது. முதல் குளிர்காலத்தில் வீட்டம்மா கூப்பிட்டார். “தம்பி, காலையில குழாயைத் திறந்தா குளிக்கிற தண்ணி மாதிரி வருது. குடிக்க முடியல.” சிங்கின் முன்னால் நின்று தெர்மாமீட்டரைப் பிடித்தேன், 27 காட்டியது. அரை நிமிடம் திறந்து விட்ட பிறகுதான் குளிர்ந்தது. அதைச் சரி செய்ய வழியே இல்லை. கடைசியில் அந்தக் குழாயை அப்படியே கைவிட்டு, அலமாரிக்குப் பின்னால் புதிதாக ஒன்றை மேலே ஏற்றினேன், என் செலவில்.

கான்கிரீட்டில் பதிப்பவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: பெக்ஸ் குழாய் 50 வருடம் தாங்கும். தரமான குழாய் அந்த ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டது என்பது நிஜம். ஆனால் அந்த 50 என்ற எண் யாரும் உட்கார்ந்து எண்ணியது அல்ல. 110 டிகிரியில் ஒரு வருடம், அதாவது 8,760 மணி நேரம், வைப்பது போன்ற சோதனைகளிலிருந்து நீட்டிக் கணக்கிட்டது. நான் அந்தக் கணக்கை நம்புகிறேன். கான்கிரீட் போடும் நாளில் தளத்தில் நடப்பதைத்தான் நம்புவதில்லை. கட்டுக்கம்பியின் முனை, மண்வெட்டியின் விளிம்பு, வைப்ரேட்டரின் தலை, சூட்டுக் குழாயை மிதித்துக்கொண்டு போகும் பூட்ஸ், இதில் எதையும் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. இன்னொரு சமாதானம், நெளிவு உறைக்குள், அதாவது வளையக்கூடிய வெளிக்குழலுக்குள், குழாய் போட்டால் பிற்பாடு உருவி வேறு நுழைக்கலாம் என்பது. வளைவுகள் இரண்டுக்குள் இருந்து, அவையும் அகலமாக இருந்தால் முடியும், செய்திருக்கிறேன். மூன்றாவது வளைவு வந்தால் சந்தேகம்தான். சுவருக்குள் ஏறும் இடத்தில் சட்டென்று மடக்கியிருந்தால், உருவலாம் என்பது பேச்சளவில்தான்.

மூன்றாவதாக ஒன்றை உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். காப்பு இரண்டு அடுக்காக, 100 மி.மீ. மேல் 100 மி.மீ. என்று வந்தால் மேல் அடுக்கில் பள்ளம் வெட்டிக் குழாயை அதில் படுக்க வைப்பது. வெப்பக் கணக்கில் இது மோசமில்லை. வெந்நீர்க் குழாயைச் சுற்றித் தெர்மாகோல் இருக்கிறது. ஸ்லாபின் சூடு பச்சைத் தண்ணீரைத் தொடாது. எனக்கு இதில் பாதி சம்மதம்தான். ஒன்று, கை எட்டாது. இரண்டு, வெட்டிய பள்ளத்தை நுரையால் சரியாக நிரப்பாவிட்டால் கான்கிரீட் அதற்குள் இறங்கி ஒரு விலா எலும்பு மாதிரி நிற்கும். அந்த இடத்தில் காப்பு பாதிதான். மூன்று, அந்தத் தெர்மாகோல் வீட்டையே தாங்குகிறது. சுமை தாங்கும் சுவருக்கு அடியிலோ ஓரத்திலோ பள்ளம் வெட்டலாமா என்பதை அடித்தளம் வரைந்த பொறியாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். அதை நான் சொல்ல முடியாது, உங்கள் பிளம்பரும் சொல்ல முடியாது.

அப்புறம், நான் என்ன செய்வேன்? காப்பைத் துளைத்துக்கொண்டு வருவது ஒரே ஒரு தண்ணீர்க் குழாயாக இருக்கட்டும், அது தெருவிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர். மற்றதெல்லாம் ஸ்லாபுக்கு மேலே, வீட்டின் சூட்டுக்குள். உங்களுக்கு மாடி இல்லை, அதனால் வழி கூரையடிதான். ஹீட்டர் அறையில் மேலே ஏறி, உள்கூரைப் பலகைக்கும் காற்றுத்தடைத் தாளுக்கும் இடையே விடும் இடைவெளியில் ஓடி, சமையலறையிலும் குளியலறையிலும் உள்சுவர் வழியாக இறங்கும். 60 மி.மீ. இடைவெளி இருந்தால் ஒரு உறைபோட்ட குழாய் படுக்கும். கூரைக் காப்புக்கு மேலே பரணில் கொண்டுபோகாதீர்கள், அங்கே குளிரில் தண்ணீர் உறைந்துவிடும். வெளிச்சுவருக்குள் இறக்க வேண்டாம், அதே காரணம். கூரையில் குழாயா, கசிந்தால் தலையில் சொட்டுமே என்று கேட்பார்கள். சொட்டட்டும். சொட்டினால் அன்றைக்கே தெரியும், பலகையில் ஒரு சதுரம் வெட்டினால் வேலை முடிந்தது.

குழாய் உள்ளே வரும் அந்த ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெளியே உங்கள் பகுதியில் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே குழாய் வர வேண்டும். அந்த ஆழத்தை உள்ளூர் விதி சொல்லும். அதே ஆழத்திலேயே ஓரக் காப்பையும் பாவாடைக் காப்பையும் தாண்டி, ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி மேலே எழும்ப வேண்டும். தண்ணீர்க் குழாயை நேராகப் பதிக்காமல், 110 மி.மீ. வெற்றுக் குழலை அகல வளைவோடு முதலில் பதித்து, உள்ளே ஒரு கயிறு விட்டு, இரண்டு வாயையும் அடைத்துவிடுங்கள். 32 மி.மீ. பாலிஎத்திலீன் குழாயைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம், கெட்டால் மாற்றவும் செய்யலாம். பக்கத்திலேயே இன்னொரு வெற்றுக் குழல் போட்டுவையுங்கள், என்றைக்காவது வேண்டியிருக்கும். ஈரத்தடைத் தாளைத் துளைக்கும் இடத்தில் கத்தரியால் வெட்டி டேப் சுற்றுவது போதாது; குழலின் அளவுக்கே வரும் ரப்பர்க் கழுத்துப்பட்டை வேண்டும். குழாய் இழுத்த பிறகு குழலுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளியையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணிலிருந்து குளிர்காற்று நேராக வீட்டுக்குள் வரும். தரைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் ஒரு ஸ்டாப் வால்வு, அதை ஒட்டி வடிகால் திருகு.

அந்தக் குழல் எழும்பும் புள்ளியை யார் அளக்கிறார்கள் என்பதில்தான் பாதி வீடுகளில் கோளாறு. கான்கிரீட் போடும்போது சுவர் இருக்காது, சுவர் வரப்போகும் இடத்தைக் காட்டும் கயிறுதான் இருக்கும். நான் குழலின் மையத்திலிருந்து இரண்டு கயிறுகளுக்கும் தனித்தனியாக அளந்து, ஒரு மரச்சட்டத்தில் ஓட்டை போட்டு அதைக் குழலின் தலையில் மாட்டி, சட்டத்தைப் பலகையடைப்போடு ஆணி அடித்துவிடுவேன். சும்மா கம்பியில் கட்டிவிட்டுப் போன குழலைக் கான்கிரீட் 10 செ.மீ. தள்ளிவிட்டுப் போகும். பிறகு அது சுவருக்குள் போக வேண்டியது கதவு நிலையில் நிற்கும்.

இப்போது வெந்நீரின் 14 மீட்டருக்கு வருவோம். முதலில் ஹீட்டரை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் ஒரு அலமாரி அளவு இடம் கிடைத்தால் நான் இதுவரை எழுதியதில் பாதி தேவையே இல்லை. முடியாதென்றால், குழாயை வேண்டிய அளவுக்கு மேல் பெரிதாக்காதீர்கள். சிங்க் குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் என்று வைத்தால் 16 மி.மீ. குழாயில் நிற்கும் 1.6 லிட்டரை வெளியேற்ற 16 விநாடி. குழாயும் சூடாக வேண்டும், ஆகவே 20 முதல் 25 விநாடி. 20 மி.மீ. குழாய் போட்டால் 2.8 லிட்டர், கிட்டத்தட்ட இரட்டிப்புக் காத்திருப்பு. பெரிய குழாய் போட்டால் வேகமாக வரும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நான் சமையலறை சிங்குக்கு மேனிஃபோல்டிலிருந்து (ஹீட்டர் அருகே குழாய்கள் பிரியும் இடம்) தனியாக ஒரு 16, குளியலறை முழுவதற்கும் ஒரு 20 என்று பிரிப்பேன்.

வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் பம்ப் வைக்கலாமே என்று கேட்பீர்கள். போக 14, திரும்ப 14, மொத்தம் 28 மீட்டர். நன்றாக உறையிட்ட குழாயும் மீட்டருக்கு 8 வாட் அளவுக்கு இழக்கும். நாள் முழுக்க ஓடினால் வருடத்துக்கு 1,950 யூனிட்டுக்குப் பக்கம். கோடையில் அது வீட்டைச் சூடாக்கித் தொல்லையும் தரும். ஓட விடுவதென்றால் குளியலறையில் ஒரு பொத்தான் வைத்து, அமுக்கினால் ஒரு நிமிடம் மட்டும் ஓடும்படி வையுங்கள். வீட்டில் எல்லோரும் அமுக்கும் பழக்கத்துக்கு வருவார்களா என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை. சில வீடுகளில் அந்தப் பொத்தானில் தூசி படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெந்நீர்க் குழாய்க்கு உறை போடச் சொன்னால் எல்லோரும் போடுவார்கள். பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குச் சொன்னால் எதற்கு என்பார்கள். 20 டிகிரி வீட்டில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 12 டிகிரிக்குக் கீழே உள்ள எதன்மேலும் வியர்க்கும். குளிர்காலத்தில் மண்ணிலிருந்து வரும் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்திருக்கலாம். மூடிய கூரைக்குள் வியர்க்கும் குழாய் கசியும் குழாயைப் போலவே பலகையை நனைக்கும். மூடிய துளைகள் கொண்ட நுரை உறை, இணைப்புகள் ஒட்டப்பட்டு, கிளிப் இருக்கும் இடத்திலும் விடாமல். பெக்ஸ் சூட்டில் நீளும் என்பதையும் மறக்க வேண்டாம்: 10 மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் 60 மி.மீ.க்குக் குறையாமல் நீளும், அதே நீளச் செம்பு 7 மி.மீ.தான். இறுக்கி அடித்த கிளிப்புகளுக்கு நடுவே அது பாம்பு மாதிரி நெளிந்து இரவில் டிக் டிக் என்று சத்தம் போடும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதோ காரணத்தால் ஸ்லாபில்தான் போட வேண்டும் என்றால், உள்ளே ஒரு மூட்டுகூட இருக்கக் கூடாது. ஒரே நீளம், நெளிவு உறைக்குள். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றையொன்று தொடாமல், சூட்டுக் குழாய்கள் இல்லாத ஒரு பட்டையில் போகட்டும். ஸ்லாபில் விரிசலைக் கட்டுப்படுத்த வெட்டு விடும் இடத்தைத் தாண்டும்போது கூடுதல் உறை. கான்கிரீட் வருவதற்கு முந்தின நாளே வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் முதலில் கொஞ்சம் விரியும், முள் கொஞ்சம் இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மறுபடி ஏற்றினால் நிற்க வேண்டும். கான்கிரீட் போட்டு முடியும் வரை அழுத்தத்தை இறக்காதீர்கள், கேஜைப் பார்க்கவே ஒரு ஆளை நிறுத்துங்கள். ஒரு தளத்தில் 6 பாரிலிருந்த முள் நான் டீ குடித்துத் திரும்புவதற்குள் 2-க்கு வந்திருந்தது. கான்கிரீட் ஈரமாக இருந்ததால் கையால் தோண்டி, கட்டுக்கம்பி குத்திய இடத்தைக் கண்டுபிடித்தோம். மறுநாள் காலை என்றால் உளிதான். குளிர் நாளில் சோதித்தால் இரவு தண்ணீரை உள்ளே விட்டுவைக்காதீர்கள். உறைந்து வெடித்தால் சோதனையே சேதமாகிவிடும். ஒவ்வொரு குழாயையும் அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள்.

வரைபடத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள். உள்கூரை இடைவெளி இருக்கிறது என்று நான் அனுமானித்ததே தவறாக இருக்கலாம். அப்படியானால் சமையலறை அலமாரிகளுக்குப் பின்னால், சுவரடி ஓரமாக ஒரு மூடிய பெட்டி என்று வேறு வழி தேட வேண்டும். ஹீட்டர் அறையை ஒட்டியிருப்பது எந்த அறை, உள்சுவர்கள் செங்கல்லா மரச்சட்டமா என்று எழுதினால் இறங்கும் இடங்களைப் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்லலாம். அதற்குள் ஒரு வேலை: ஜல்லி கொட்டுபவர் எப்போது வருகிறார் என்று கேட்டு, அதற்கு முன்னால் பிளம்பரைத் தளத்துக்கே வரவழைத்து, அந்த ஒரே குழல் எழும்ப வேண்டிய இடத்தில் அவர் கையாலேயே ஒரு முளை அடிக்கச் சொல்லுங்கள்.